அப்பா திறந்த கறுப்புச் சன்னல்

கதிர்,

நேற்று நீ போனில் சொன்னதற்கு "சரிப்பா, அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சாப்டியா" என்று கேட்டு முடித்துவிடுவேன். நம் பேச்செல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. அதனால் இன்று காலையில் விளக்கேற்றி, அப்பாவைப் பக்கத்து வீட்டு லிம் அங்கிளோடு நடக்க அனுப்பிவிட்டு, எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ குறுக்கே பேச முடியாத இடத்தில் வைத்து உன்னைப் பிடித்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

"கல்யாணம் முடிஞ்சு நாங்க ராட்டர்டாம் போகலம்மா. அனுவுக்கு அங்க கிடைச்ச வேலைய வேணாம்னு சொல்லிடலாம்னு ரெண்டு பேரும் பேசிட்டோம். நான் பெர்த் வேலைய விட்டுட்டு நேரா சிங்கப்பூர் வந்துடறேன். அப்பாவ இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிம்மா?" என்றாய். உன் குரல் தழுதழுத்தது எனக்குக் கேட்டது. ஆனால் கதிர், நீ சொல்லும் 'இந்த நிலைமை' போன தீபாவளிக்கு நீ வந்து பார்த்துவிட்டுப் போன நிலைமை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதற்கு அப்பாதான் காரணம். "நல்லா பழகிட்டு நானே அவன்கிட்ட சொல்றேன், அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. மாதக்கணக்கில் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஆசைப்பட்டு வாங்கிய வேலையை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு விஷயம் போய்விட்டதால் இனி வாயைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. உண்மையைச் சொன்னால், சொல்லக் கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் குதியாட்டமாக இருக்கிறது.

முதலில் இதைக் கேள். இந்தக் கடிதத்தை நான் உன் பழைய லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது நீ வைத்திருந்தது, மூடியில் கால்பந்து ஸ்டிக்கர் ஒட்டியது, "செத்துப்போச்சும்மா, கீழ இருக்கிற ரீசைக்கிள் பெட்டியில போட்டுடு" என்று போகும்போது சொன்னாயே, அதேதான். அது சாகவில்லை. இந்த வீட்டில் இப்போது அதிகம் உழைப்பது அதுதான்.

அப்பா அப்போது எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்த்தது கொஞ்சம்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி முதலில் பார்வையின் ஓரங்களைத் தின்றது, பிறகு நடுவையும் தின்றது. வெளிச்சம் தெரியும், சன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், என் முகம் தெரியாது. நீ இருந்த வாரம் உனக்காகச் சிரித்துப் பேசினார். நீ போன மறுநாளிலிருந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. நீ வாங்கிக் கொடுத்த போன் பேசும்தான், ஆனால் அதன் முகம் வழவழவென்று கண்ணாடி. "இதுல எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?" என்று கேட்பார். ஒரு நாள் ரேடியோ வைக்கப் போய், ஓய்வு பெறுவதற்கு முன் அவருக்கு மேலே இருந்த அதிகாரிக்கு அழைப்புப் போய்விட்டது. அந்த மனிதர் "ஹலோ, ஹலோ" என்க, இவர் எப்படி வைப்பது என்று தெரியாமல் போனைக் குஷனுக்கு அடியில் அமுக்கினார். அன்றோடு அது டிராயருக்குள் போனதுதான்.

தினமும் காலையில் நான் பேப்பர் படித்துக் காட்டுவேன். நல்ல மனைவி என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டு படிப்பேன். விபத்துச் செய்தி வந்தால் தாண்டிவிடுவேன், மரண அறிவித்தல் பக்கத்தைத் திருப்பிவிடுவேன், நீளக் கட்டுரை என்றால் சுருக்கிவிடுவேன். அவர் மனம் நோகக்கூடாதே என்றுதான். ஒரு நாள் கேட்டார்: "இன்னிக்கு பேப்பர் இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"பக்கம் திருப்புற சத்தம் நெறய கேட்டுச்சே."

நான் பேப்பரை மடித்தேன். "நீ உனக்குப் புடிச்சதப் படிக்கிற. எனக்கு எல்லாம் வேணும். புடிக்காததும் வேணும்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பேப்பர் படிக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. நான் எடுத்தாலும் "தலை வலிக்குது" என்பார். கதிர், கண் போனதைவிட இது பெரிய இழப்பு என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஒரு மனிதருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்துகொண்டிருந்தால் அவர் வீட்டுக்குள்ளேயே சிறு பிள்ளையாகிவிடுகிறார்.

லேப்டாப்பை நான் எடுத்தது அவருக்காக இல்லை, எனக்காக. ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோகவில்லை. திறந்தால், இந்த இயங்குதளத்துக்கு இனிமேல் புதுப்பிப்பு வராது, உங்கள் கணினி பழையது என்று அறிவிப்பு வந்து நின்றது. ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "புதுசு வாங்கிடுங்க ஆன்ட்டி" என்று திறந்துகூடப் பார்க்காமல் சொன்னார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்படியே லிட்டில் இந்தியாவில் ஹாஜிராவின் கடைக்குப் போனேன். ஹாஜிரா ஆன்ட்டியை உனக்கு ஞாபகம் இருக்கும், சாங்கி விமான நிலையத்துக் கார்கோ ஆபீஸில் என் பக்கத்து மேசையில் இருந்தவள், இப்போது அவள் அண்ணனின் மளிகைக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுக் கல்லாவின் மேல் இருந்த கணினியைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"இது உன்னோடத விடக் கிழம். லினக்ஸ்ல ஓடுது. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கன்னு விட்டுருக்காங்க. கடைக் கணக்கு, ஸ்டாக்கு எல்லாம் இதுலதான்."

"எனக்கெல்லாம் வருமா ஹாஜிரா?"

"கார்கோ ஆபீஸ்ல அந்தப் பச்ச ஸ்கிரீன் சிஸ்டத்தோட மல்லுக்கட்டினவ நீ. இது உனக்கு ஒன்னுமில்ல லா." டிராயரிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கையில் வைத்தாள். "இத சொருகிட்டு ஆன் பண்ணு. உள்ள எதையும் தொடாது, சும்மா ஓடிக் காட்டும். புடிச்சா வச்சுக்க. புடிக்கலன்னா புடுங்கிப் போடு."

கல்யாணத்துக்கு அந்த வசதி கிடையாது கதிர், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அவள் சொன்னது நல்ல யோசனை. அன்று மதியமே சொருகினேன். எந்த விசையை அமுக்கியபடி ஆன் செய்ய வேண்டும் என்று பிடிபட நாலைந்து தடவை ஆயிற்று. பிறகு திரையில் ஒரு புதிய முகம் வந்தது பார், நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லாம் வேலை செய்தது, வைஃபை மட்டும் இல்லை. வைஃபை இருந்தால்தான் வைஃபைக்கு வேண்டிய மென்பொருளை இறக்க முடியும், அந்த மென்பொருள் இருந்தால்தான் வைஃபை வரும். இது என்னடா வம்பு என்று ஹாஜிராவுக்குப் போன் போட்டேன். "உன் போன கேபிள்ல மாட்டி, அதுலேர்ந்து நெட்ட குடு" என்றாள். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மூலையில் அந்த விசிறிக் குறி எழுந்து நின்றது. நம் ஐந்து அறை வீட்டில் நான் மட்டும் எழுந்து நின்று கை தட்டினேன். சோபாவிலிருந்து அப்பா, "என்ன, லாட்டரியா?" என்றார். "அதவிடப் பெருசு" என்றேன். அவர் மறுபடி நான் வைத்துக் கொடுத்த ரேடியோவுக்குத் திரும்பிக்கொண்டார்.

பழையதை எடுத்துவிட்டு லினக்ஸையே நிரந்தரமாகப் போட்டேன். உன் படங்களை எல்லாம் முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டேன், பயப்படாதே. பத்து நிமிடம் முக்கி முனகித் திறந்த பெட்டி, இப்போது குக்கர் விசிலடிக்கும் முன் திறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் துடைத்து வைப்பேன். அப்படித் துடைக்கும்போதுதான் அது நடந்தது.

ஈரத்துணியால் விசைப்பலகையை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஹாலில் ஒரு ஆண் குரல், ஆங்கிலத்தில், மூக்கடைத்த மாதிரி: "ஸ்கிரீன் ரீடர் ஆன்." நான் துணியைப் போட்டுவிட்டேன். அப்பா சட்டென்று தலையைத் திருப்பினார்.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்ல. லேப்டாப்பு பேசுது."

"என்ன சொல்லுது?"

நான் ஒரு விசையைத் தொட்டேன். அது அந்த எழுத்தைச் சொன்னது. இன்னொன்றைத் தொட்டேன், அதையும் சொன்னது. இடது பக்கம் கீழே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு விசைகளும் எஸ் எழுத்தும் ஒன்றாக அமுங்கினால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி விழித்துக்கொள்ளுமாம். பார்வை இல்லாதவர்களுக்காக யாரோ யோசித்து உள்ளேயே வைத்திருக்கிறார்கள். என் துணி அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் அமுக்கியிருக்கிறது. நான் இதை வாசித்துத் தெரிந்துகொண்டு நிமிர்வதற்குள் அப்பா சோபாவை விட்டு எழுந்து, மேசையைத் தடவிக்கொண்டு, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார். அவர் தானாக எழுந்து ஒன்றைத் தேடி வந்து எத்தனை நாளாயிற்று! "நகரு, நான் உக்காந்து பாக்குறேன்" என்றார்.

அவர் டைப்பிங் படித்தவர் இல்லை, விமானம் பழுதுபார்த்த கை. நான் அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் எடுத்து எஃப்பிலும் ஜேயிலும் வைத்தேன். அந்த இரண்டு எழுத்துகளிலும் சிறு மேடு இருக்கும், உனக்குத் தெரியும். அவர் விரல் அதை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தது. "இங்க புடிச்சுக்க இருக்கு" என்றார். அந்த மேடுதான் ஆரம்பம். அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாக வீடு கட்டினார்.

ஆனால் முதல் வாரம் ஒரே ரகளை. குரல் சும்மா இருக்காது. இது பொத்தான், இது படம், இது பட்டியல், இதில் ஒன்பதில் மூன்றாவது என்று சந்தைக்கடை மாதிரி கத்தும். "ஊர்ல உள்ளதெல்லாம் சொல்லுது, கேட்டதச் சொல்ல மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டார். மறுபடி சோபாவுக்குப் போய்விடுவாரோ என்று பயந்து ஹாஜிராவைக் கேட்டேன். அவள், "அண்ணனுக்கு எதுக்கு அந்தப் படமெல்லாம்? கறுப்புச் சன்னலத் தொறந்து குடு" என்றாள். கட்டளையைத் தட்டினால் பதிலை எழுத்திலேயே தருகிற டெர்மினலைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். மூன்று விசைகளை அமுக்கினால் திறக்கும். திறந்தேன். டி, ஏ, டி, இ என்று தட்டி என்டர் அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். கிழமை, தேதி, மணி எல்லாவற்றையும் குரல் சொல்லி முடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

அப்பா விரல்களை எஃப், ஜே மேடுகளில் திரும்ப வைத்தார். பிறகு மறுபடி தட்டினார். மறுபடி மணி சொன்னது. பார்வை போனதிலிருந்து "மணி என்ன?" என்று என்னைத்தான் கேட்பார், நான் அடுப்படியிலிருந்து கத்துவேன், சில நேரம் எரிச்சலோடும் கத்தியிருக்கிறேன். அன்று முழுக்க அவர் என்னிடம் மணி கேட்கவில்லை. தப்பாகத் தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "தப்புன்னா தப்புங்குது. உன்ன மாதிரி சுத்தி வளைக்கல" என்றார்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார் என்று ஒரு நாள் கேட்டேன். அப்போதுதான் நான் இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியும் கேட்டுத் தெரிந்துகொள்ளாத ஒன்றைச் சொன்னார். சாங்கியில் விமானத்தைப் பின்னால் தள்ளி வெளியே விடும்போது, கீழே ஒருவர் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பார். பல வருடம் அந்த ஆள் அப்பாதான். "பைலட்டுக்குப் பின்னாடி கண்ணு கெடையாது. அவ்ளோ பெரிய விமானம் நான் சொல்றதக் கேட்டுத்தான் பின்னால போகும். நான் ஒன்னு சொல்வேன், அவன் அதையே திருப்பிச் சொல்வான், அப்புறம்தான் பிரேக்க விடுவான். அவன் ஒரு நாளும் பயந்ததில்ல. இப்ப நான் அவன் சீட்ல உக்காந்திருக்கேன், அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தமிழ்க் குரலும் உள்ளே இருந்தது. அதுவும் மூக்கடைத்த குரல்தான், ழகரம் அதற்கு வராது, 'வாழைப்பழம்' என்றால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் குரல் எதையும் தாண்டாது. விபத்து, விலைவாசி, மரணம், நான்கு பத்திக் கட்டுரை, எல்லாம் வரிசையாக வாசிக்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். நாளாக ஆக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இப்போது அது பேசுவது எனக்குப் புரியவே புரியாது, எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்கும். அவர் மட்டும் நடுநடுவே "அடப்பாவி" என்பார். என்ன செய்தி என்று இப்போது நான் அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் சொல்வதில்லை, எனக்கு எது வேண்டுமோ அதைத்தான் சொல்கிறார். வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறார் போல.

இரண்டு மாதத்துக்கு முன் மாலை டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுல எங்க பழைய ஹேங்கர் ஆளுங்கல்லாம் சாப்பிடச் சேர்றாங்க. மணியம் மெயில் போட்டிருந்தான்."

"அந்தக் கூட்டத்துலயா? சனிக்கிழமை தேக்காவுல கால் வைக்க எடம் இருக்காதே. வேணாங்க, நான் வேணா மணியத்த வீட்டுக்குக் கூப்பிடுறேன்."

"நான் வரேன்னு பதில் போட்டாச்சு."

என்னைக் கேட்காமல். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். போனோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு மீன் கடை ஈரத்தில் நடந்தார், மேசை மேசையாகக் கைகுலுக்கினார், யார் யார் என்று குரலை வைத்தே சொன்னார். மட்டன் பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மணியம் மாமா என்னைத் தனியாக அழைத்து, "ஆளு செத்துப்போன மாதிரி இருக்கான்னு சொன்னாங்களே, யாரு சொன்னது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். போன மாதம் உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அனுவின் அம்மாவோடு சிராங்கூன் சாலைக்குப் போயிருந்தேன். அப்பா வீட்டில் தனியாக. கணினி ஏதோ புதுப்பிப்பு இருக்கிறது என்று கேட்டிருக்கிறது, இவரும் சரி என்று தட்டியிருக்கிறார். அது முடிந்து மறுபடி கிளம்பியபோது பேச்சு இல்லை. சத்தமே இல்லை. நமக்கு என்றால் திரையைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். அவருக்குத் திரை இல்லை, இப்போது குரலும் இல்லை. அடிப்பக்கத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். சூடு இருக்கிறது, விசிறி ஓடுகிறது. உயிர் இருக்கிறது, வாய் மட்டும் இல்லை.

பொத்தான் வைத்த வீட்டு போனில் ஹாஜிராவை அழைத்திருக்கிறார். கடையில் மதியக் கூட்டம். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சத்தத்தைக் கவனிக்கிற உள் வேலைக்காரன் தூங்கிவிட்டிருப்பான், அவனை எழுப்ப ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் அது நீளமானது என்று சொல்லியிருக்கிறாள். நடுவில் இடைவெளிகள் வரும், இரண்டு சிறு கோடுகள் வரும், ஓர் எழுத்து பிசகினாலும் ஒன்றும் நடக்காது, பிசகியது என்றும் தெரியாது. "நான் வேணா கடைய மூடிட்டு வரட்டுமாண்ணே?" என்றாளாம். "வேணாம். நீ ஒவ்வொன்னா சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்து" என்றிருக்கிறார்.

அவள் கல்லாவில் நின்றுகொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, பாசிர் ரிஸ்ஸில் நம் வீட்டில் இவர் அதைத் திருப்பிச் சொல்லி, அவள் "சரி" என்ற பிறகு தட்டியிருக்கிறார். பருப்பு வாங்க நின்றவர்களிடம் ஹாஜிரா, "கொஞ்சம் நில்லுங்க, ஒரு பிளேன் நகருது" என்றாளாம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் நின்றார்கள். முழுவதும் தட்டி என்டர் அழுத்தினார். சத்தம் வரவில்லை. பெரிய எழுத்து விசை தெரியாமல் அமுங்கியிருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். இவரால் அதைப் பார்க்க முடியாதே. உடனே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து முழுக்க அணைத்து, மறுபடி போட்டிருக்கிறார். கடவுச்சொல் கேட்காமல் நேராகத் திறக்கும்படி நான் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மனதுக்குள் நிமிடம் எண்ணி, திறந்திருக்கும் என்று தோன்றியதும் கறுப்புச் சன்னலுக்கான மூன்று விசைகளை அமுக்கி, மறுபடி முதல் எழுத்திலிருந்து. அவள் சொல்ல, இவர் திருப்பிச் சொல்ல. என்டர். பிறகு குரலை அணைத்துப் போடும் மூன்று விசைகளை ஒரு தடவை, இன்னொரு தடவை.

"ஸ்கிரீன் ரீடர் ஆன்."

போன் வழியாகவே அது ஹாஜிராவுக்குக் கேட்டிருக்கிறது. அவள் பிறகு என்னிடம் சொன்னாள், "உன் வீட்டுக்காரர் ஒரு வார்த்த பேசலடி. ரொம்ப நேரம் மூச்சு சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம், தேங்க்ஸ்மா, கடையப் பாருன்னாரு."

நான் புடவைப் பைகளோடு லிஃப்டிலிருந்து இறங்கும்போது அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு காரிடாரைப் பார்த்து நின்றிருந்தார். ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடினேன். நடந்ததை எல்லாம் சொன்னார். குழந்தை பரிசு வாங்கி வந்த மாதிரி முகம். நானும் பூரித்துப்போனேன், ஆனால் கூடவே சுருக்கென்றது. "என்னய ஏங்க கூப்பிடல?" என்றேன்.

"உன்னக் கூப்பிட்டா நீ டாக்ஸி புடிச்சு வந்திருப்ப" என்றார்.

நான் அதை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மைதான், வந்திருப்பேன். வந்து, அவரை நகரச் சொல்லி, நானே சரிசெய்து கொடுத்திருப்பேன். அவர் நன்றி சொல்லியிருப்பார். அதோடு அந்த மத்தியானம் அவருடையதாக இல்லாமல் போயிருக்கும்.

நேற்று நீ போனில் பேசியபோது எனக்கு அப்பாவின் அந்த வார்த்தைதான் காதில் விழுந்தது. நீயும் டாக்ஸி பிடித்து வரப் பார்க்கிறாய், கதிர். பெர்த்திலிருந்து, அனுவையும் ஏற்றிக்கொண்டு. அன்பு இல்லாமல் யாரும் அப்படி வருவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நான் பேப்பர் பக்கத்தைத் திருப்பியதும் அன்பினால்தான். புதிதாகக் குடும்பம் ஆரம்பிக்கப் போகிறவன் நீ, இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள். அனுவுக்கு எது கஷ்டம், எது வேண்டாம் என்று அவளுக்காக நீ முடிவு செய்யாதே. அவள் கையில் கொடு, அவள் தட்டித் தப்பாகி மறுபடி தட்டட்டும். கேட்டால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல், அதற்குப் பொறுமை வேண்டும், விசைப்பலகையைப் பிடுங்குவது சுலபம். அந்த வேலையை அவள் விட்டுக்கொடுத்தது அவளாகவா, அல்லது நீ தவிப்பதைப் பார்த்தா? அவளிடம் நேராகக் கேள். பதிலை அவள் வாயால் முழுசாகக் கேட்டு முடி.

இங்கே வரைக்கும் எழுதியபோது அப்பா நடந்துவிட்டு வந்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. நீ போகப் போவதில்லை என்று சொன்னதைச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். சாங்கியில் இறங்குகிற விமானம் ஒன்று மேலே இரைந்துகொண்டு போயிற்று. பிறகு, "எனக்காகவா?" என்றார். "ஆமா" என்றேன். என் கடிதத்தைச் சேமித்து வைக்கச் சொல்லிவிட்டு, "நகரு" என்றார்.

காபி கலந்து எடுத்து வந்தேன். காதில் இயர்போன். தமிழில் தட்டவும் இந்த மாதங்களில் பழகிவிட்டார், என்னைவிட மெதுவாக, ஆனால் என்னைவிடச் சுத்தமாக. என்ன எழுதுகிறார் என்று பார்க்கும் ஆசையில் சத்தம் போடாமல் அவர் பின்னால் போய் நின்றேன். திரை முழுக்க இருட்டாக இருந்தது. வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார். அவருக்குத் திரை எதற்கு? நான் நிற்பது தெரிந்து, தலையைத் திருப்பாமலே, "காபிய வச்சுட்டுப் போ" என்றார். இருட்டுக்கு முன்னால் அவர் பத்து விரல்களும் நகர்ந்துகொண்டிருந்தன. மனுஷர் ஒரு இடத்தில் சிரித்தார். இன்னோர் இடத்தில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, திரும்பத் தட்டினார். காபி ஆறிப்போயிற்று.

இப்போதுதான் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உனக்கு மெயிலில் அனுப்பிவிட்டாராம். இதற்கு முன்பே அது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும், முதலில் அதைத் திறந்து படி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "அது எனக்கும் எம் புள்ளைக்கும்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அம்மா